பத்து ஆண்டு, இரண்டே பெயர்: ஓலாவ் லுந்தானெஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஓரியன்டீரிங், அதாவது வரைபடம் பார்த்துக் காட்டுக்குள் ஓடும் விளையாட்டு; அதன் உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் நெடுந்தூரப் பிரிவில் தங்கம் வென்றவர்களின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 2003இல் சுவிட்சர்லாந்தின் தாமஸ் பூரர். அடுத்த ஆண்டு நார்வேயின் பியோர்னார் வால்ஸ்டாட். 2005இல் ரஷ்யாவின் ஆந்த்ரேய் ஹ்ரமோவ், 2006இல் பின்லாந்தின் யானி லகானன், 2007இல் சுவிஸ்காரர் மத்தியாஸ் மெர்ஸ். 2008, 2009 இரண்டிலும் இன்னொரு சுவிஸ்காரர், டேனியல் ஹூப்மன். ஏழு போட்டி, ஆறு பேர். ஒரு காட்டு விளையாட்டில் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. வருஷத்துக்கு ஒரு காடு, அந்தக் காட்டுக்குத் தோதான ஒரு ஆள்.

அப்புறம் 2010 வருகிறது. அதிலிருந்து 2019 வரை பத்துப் போட்டிகள். பட்டியலில் இருப்பது இரண்டே பெயர். 2011, 2013, 2014, 2015 ஆகிய நான்கும் பிரான்ஸின் தியரி ஜோர்ஜியுவுக்கு. மீதி ஆறும் நார்வேயின் ஓலாவ் லுந்தானெஸுக்கு: 2010, 2012, பிறகு 2016 முதல் 2019 வரை வரிசையாக நான்கு.

ஒரு பிரிவு திடீரென்று இரண்டு பேர் கைக்குள் போய்ப் பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. ஜோர்ஜியுவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர் கதையில் நாடகம் அதிகம். நான் லுந்தானெஸ் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பின்புலம்: காடு எல்லோருக்கும் திறந்த நாடு

ஓரியன்டீரிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: கையில் வரைபடம், திசைகாட்டி, காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்கும் சிறு கொடிகள், அவற்றைச் சொன்ன வரிசையில் ஒன்று விடாமல் தொட்டுவிட்டுக் குறைந்த நேரத்தில் வந்து சேர வேண்டும். பாதை என்று எதுவும் கிடையாது. ஒரு கொடியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்பது ஓடுபவர் பாடு. கொடியருகே உள்ள கருவியில் விரலில் மாட்டிய சில்லை வைத்தால் நேரம் பதிவாகும். ஒரு கொடியை விட்டாலும், தவறான கொடியைத் தொட்டாலும், ஆட்டம் முடிந்தது.

இந்த விளையாட்டின் பிறப்பிடம் ஸ்காண்டிநேவியா. ராணுவத்தில் வரைபடப் பயிற்சியாக இருந்ததைப் பொதுமக்களுக்கான போட்டியாக நடத்தியவர்களில் நார்வேக்காரர்கள் முன்னோடிகள். 1897 அக்டோபர் 31 அன்று ஓஸ்லோவுக்கு வெளியே ட்யால்வே என்ற சங்கம் ஒரு போட்டி நடத்தியது. எட்டுப் பேர் ஓடினார்கள். 19.5 கிலோமீட்டர்; வழியில் மூன்றே மூன்று இடங்கள், மூன்றும் பண்ணைகள். வென்ற பெடர் ஃபோசும் எடுத்துக்கொண்டது 1 மணி 47 நிமிடம் 7 விநாடி. 1966இல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது ஆண்கள் தனிநபர் தங்கத்தை எடுத்துப்போனவரும் நார்வேயின் ஓகெ ஹாட்லர்தான். 1972இலும் அவரே.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு சட்டமும் ஒரு பழக்கமும். நார்வேயில் வேலியில்லாத காட்டில் யாரும் நடக்கலாம். நிலம் யாருடையது என்று கேட்க வேண்டாம். வழிவழியாக வந்த உரிமை அது, 1957இல் சட்டமாகவும் ஆனது. கோடை முழுக்கக் காட்டில் நிரந்தரமாக நட்டு வைத்த அடையாளங்களை வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடிப் போவது அங்கே குடும்பங்களின் பொழுதுபோக்கு. தாத்தா, பேத்தி, நாய், கூடையில் காபி. நம்மூரில் கிரிக்கெட் பார்க்க யாரும் விதிமுறை படிப்பதில்லை அல்லவா, அங்கே சமஉயரக் கோடு படிப்பது அந்த மாதிரி.

1987 நவம்பரில் பிறந்த லுந்தானெஸ் வளர்ந்தது இந்தச் சூழலில். அதனால் அவர் வந்தது ஆச்சரியமில்லை. இப்படி வளர்ந்தவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் நிலைத்ததுதான் விஷயம்.

எது நெடுந்தூரம்?

இப்போதைய ஓரியன்டீரிங்கில் பல பிரிவுகள். ஸ்பிரிண்ட் என்பது ஊருக்குள், பூங்காவில், சந்துபொந்துகளில் கால் மணி நேரம் ஓடுவது. நடுத்தூரம் காட்டுக்குள், அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக. கொடிகள் நெருக்கமாக, சின்னச் சின்னப் பள்ளங்களிலும் பாறைகளிலும் ஒளிந்திருக்கும். ரிலே மூன்று பேர் ஓடுவது. நெடுந்தூரம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் போகும். வரைபடம் 1:15,000 அளவில், அதாவது ஒரு சென்டிமீட்டர் 150 மீட்டர்.

மற்றப் பிரிவுகளில் கேள்வி 'கொடி எங்கே?' என்பது. நெடுந்தூரத்தில் கேள்வி 'எந்தப் பக்கம் போவது?' என்பது. நார்வே மொழியில் வெய்வால்க் என்பார்கள், வழித்தேர்வு. ஒரு கொடிக்கும் அடுத்த கொடிக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர், சில சமயம் மூன்று. அந்தத் துண்டை லெக் என்பது வழக்கம்.

ஒரு லெக்கைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஓடுபவர் ஏழாவது கொடியைத் தொட்டுவிட்டார். எட்டாவது, வரைபடத்தில் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஊதாக் கோடு நேராகப் போகிறது, ஆனால் கோட்டின் மேல் ஒரு குன்று குறுக்கே படுத்திருக்கிறது. பழுப்பு வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொரு வரியும் ஐந்து மீட்டர் ஏற்றம். எண்ணினால் பதினாறு. எண்பது மீட்டர் ஏற வேண்டும். இடப்பக்கம் ஒரு வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போகிறது: தூரம் கூடுதல், ஆனால் கால் தங்கும், தலையும் ஓய்வெடுக்கும். வலப்பக்கம் நீலக் கீற்றுகள், சதுப்பு. ஆனால் மஞ்சளும் கலந்திருக்கிறது, அதாவது திறந்தவெளி. சதுப்பு காய்ந்திருந்தால் அது ராஜபாட்டை. நனைந்திருந்தால் முழங்கால் வரை இழுக்கும். இன்று எப்படி? இதற்கு முன் கடந்த சதுப்பு எப்படி இருந்தது? யோசித்துக்கொண்டே கால் ஓடுகிறது. கட்டைவிரல் வரைபடத்தில் நிற்கும் இடத்தை விட்டு நகராமல் கூடவே ஊர்கிறது. விரல் எடுத்தால் இடம் தொலையும். பதினைந்து இருபது விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். எடுத்த பிறகு மாற்றக்கூடாது, ஏனென்றால் பாதியில் மனம் மாறுபவர் இரண்டு வழியின் நஷ்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இதில் இன்னொரு கொடுமை, தேர்வு சரியா தவறா என்று அப்போது தெரியாது. தனித்தனியாக, சில நிமிட இடைவெளியில் கிளம்புகிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லை. கிளம்பும் முன் தனிமைப்படுத்திய இடத்தில் போன் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். போட்டி நடக்கும் காட்டுக்குள் முன்கூட்டியே போய்ப் பார்க்கவும் தடை. பார்வையாளர்கள் திரையில் ஜிபிஎஸ் புள்ளிகளைப் பார்த்து 'ஐயோ, வலப்பக்கம் போகாதே' என்று கத்தலாம். காட்டுக்குள் இருப்பவருக்கு மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

கடைசியில் கிளம்புவது சிறந்தவர்கள். அவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: முன்னால் போனவர்கள் மிதித்த புல், ஓரியன்டீரிங்காரர்கள் மொழியில் யானைத் தடம். ஒரு ஆபத்தும் உண்டு, அதே தடம். தடம் போகிற பக்கமெல்லாம் போனால் முன்னவர் பிழையும் நம் பிழையாகும்.

எதிராளி

ஜோர்ஜியுவைச் சொல்லாமல் லுந்தானெஸை அளக்க முடியாது. நடுத்தூரத்தில் எட்டு உலகத் தங்கம் வாங்கிய மனிதர். 'முழு வேகம், பிழை கிடையாது' என்பதையே தன் தாரக மந்திரமாக வைத்திருந்தவர். கேட்க எளிதாக இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும்போதுதான் பிழை வருகிறது என்பது இந்த விளையாட்டில் முதல் வாரமே தெரிந்துவிடும்.

ரிலேயில் அவருக்கு நேர்ந்ததெல்லாம் தனிக் கதை. 2008இல் செக் நாட்டின் ஓலோமொட்ஸில் கடைசி ஓட்டத்தில் பிரான்ஸுக்கு முன்னிலை; வாய்க்குள் ஒரு தேனீ புகுந்து கொட்டிவிட்டது. மூச்சுத் திணறி நின்றார், தங்கம் பிரிட்டனுக்குப் போனது. மறு ஆண்டு ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ். மறுபடி கடைசி ஓட்டம், மறுபடி முன்னணிக் கூட்டத்தில் இவர். ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் ஒரு கிளை பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறிவிட்டது. ஜோர்ஜியு நின்றார். செக் வீரர் மிகால் ஸ்மோலா நின்றார். நார்வேயின் ஆண்டர்ஸ் நோர்ட்பெர்க்கும் நின்றார். பதக்கம் வாங்கக்கூடிய மூன்று அணிகள் அங்கேயே போட்டியை விட்டுவிட்டு, காயத்தைக் கட்டி, உதவி வரவழைத்து, அவரை வெளியே கொண்டுவந்தன. தங்கம் சுவிட்சர்லாந்துக்கு. அந்த அணியைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் ரிலேயில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் பலருக்கு நினைவு வருவது நின்ற மூன்று பேர்தான்.

கிளைக்கதை என்றாலும் இதை விட்டுவிட மனம் வரவில்லை. காட்டில் தனியாக ஓடுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

வளைவு: 2010 – 2019

2010 ஆகஸ்ட், ட்ரொண்ட்ஹெய்ம். சொந்த நாட்டில் உலகப் போட்டி. லுந்தானெஸுக்கு வயது 22. முந்தைய இரண்டு ஆண்டும் தங்கம் வாங்கிய ஹூப்மன் உச்சத்தில் இருந்த நேரம். நெடுந்தூரம் அனுபவசாலிகளின் ஆட்டம் என்பது பொதுவான எண்ணம்; கால் இளமையில் வரும், தலை முப்பதை ஒட்டித்தான் வரும் என்பார்கள். அதைப் பொய்யாக்கினார் இந்தப் பையன். சொந்த நாட்டுக் காடு, சதுப்பும் பாறையும் சிறு வயதிலிருந்து பழகியவை, அதனால்தான் என்று சிலர் நினைத்திருக்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஒரு தங்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சந்தேகத்துக்குப் பதில் 2012இல் லோசானில் வந்தது. சுவிஸ்காரர்களின் மண், அவர்கள் நாலைந்து பேர் பதக்கத்துக்குத் தகுதியானவர்கள், நிலமும் நார்வே மாதிரி இல்லை. அங்கேயும் லுந்தானெஸ்.

அடுத்த மூன்று ஆண்டு ஜோர்ஜியுவின் காலம். இந்த இடைவெளியை லுந்தானெஸின் தோல்வி என்று எழுதுவது எளிது, நான் அப்படிப் பார்க்கவில்லை. 2014இல் இத்தாலியில் ஒரு வேடிக்கை நடந்தது. நடுத்தூரத்தின் அரசரான ஜோர்ஜியு நெடுந்தூரத்தை வென்றார். நெடுந்தூரத்தில் இரண்டு தங்கம் வைத்திருந்த லுந்தானெஸ் நடுத்தூரத்தை வென்றார். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் புகுந்து சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி. என்னைப் பொறுத்தவரை லுந்தானெஸின் பின்பாதி வெற்றிகளுக்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. நடுத்தூரத்தை வெல்ல, ஒவ்வொரு பாறையையும் பள்ளத்தையும் வேகத்தோடு படிக்கத் தெரிய வேண்டும். வழித்தேர்வில் கெட்டிக்காரரான ஒருவருக்கு அந்த நுணுக்கமும் சேர்ந்துவிட்டால், நீண்ட லெக்கின் கடைசி இருநூறு மீட்டரில் அவர் தடுமாறுவதில்லை. நெடுந்தூரத்தில் நேரம் தொலைவது பெரும்பாலும் அந்த இருநூறு மீட்டரில்தான். இரண்டு கிலோமீட்டர் பிரமாதமாக ஓடி வந்து, களைத்த கண்ணோடு கொடியைச் சுற்றி ஒரு நிமிடம் அலைவார்கள். நார்வேக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் சொல் ஒரே அசை: பும். தவறிப்போச்சு என்று அர்த்தம்.

2016இல் ஸ்வீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட். நார்வே எல்லையை ஒட்டிய கடலோரம், வழுக்கையான கருங்கல் பாறைகளும் அவற்றுக்கு நடுவே சிறு சதுப்புகளும். தங்கம். அதே போட்டியில் ரிலேயிலும் கார்ல் கோடாகர் காஸ், மக்னே டேலி ஆகியோரோடு தங்கம். 2017இல் எஸ்தோனியாவின் தார்த்து: பாறை கிடையாது, புதர் உண்டு, கண்ணுக்கு முன் பச்சை. தங்கம். ரிலேயிலும் மறுபடி. அந்தப் போட்டியில்தான் ஜோர்ஜியு நடுத்தூரத்தில் தன் எட்டாவது தங்கத்தை வாங்கிவிட்டு விடைபெற்றார். பிறகு ஸ்வீடன் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 2018 லாத்வியா. எதிராளி போய்விட்டார், உந்துதல் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். தங்கம்.

அலசல்: எதைத் தொடாமல் விட்டார்

இங்கே ஹூப்மனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஹூப்மன் நெடுந்தூரத்தை 2008, 2009இலும், ஸ்பிரிண்டை 2011இலும், நடுத்தூரத்தை 2015இலும் வென்றவர். மூன்றிலும் உலக சாம்பியன். சகலகலா வல்லவர் என்றால் அவர்தான், அந்தப் பெருமை லுந்தானெஸுக்கு இல்லை. ஸ்பிரிண்ட் தங்கம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

ஆனால் ஸ்பிரிண்ட் என்பது வேறு உடம்பு கேட்கும் ஆட்டம். தார்ச்சாலையில் தட கள ஓட்டக்காரர் மாதிரி வேகம் வேண்டும், விநாடிக் கணக்கில் சந்து திரும்ப வேண்டும். அதற்குப் பயிற்சி செய்யும் கால்கள் காட்டில் ஒன்றரை மணி நேரம் ஹெதர் புதரையும் சதுப்பையும் மிதித்துத் தள்ளும் கால்கள் அல்ல. ஸ்பிரிண்ட் உலகப் போட்டிக்குள் வந்தது 2001இல். அதன் பிறகு வந்த தலைமுறையில் பலரும் இரண்டு படகில் கால் வைக்க வேண்டியதாயிற்று. ஜோர்ஜியு, லுந்தானெஸ் இருவரின் தங்கமும் காட்டில்தான். பத்து ஆண்டு, இரண்டே பெயர் என்ற புதிருக்கு என் பதிலில் பாதி இதுதான். மற்றவர்கள் பரவியபோது இவர்கள் இருவரும் குவிந்தார்கள்.

மறுபாதி, வாய்ப்பைப் பற்றியது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் போட்டியில் ஒரு பிழைக்கு இடம் உண்டு, இரண்டுக்கு இல்லை. ஒருமுறை வெல்ல நல்ல நாள் போதும். நான்கு ஆண்டு தொடர்ந்து வெல்ல, மோசமான நாளிலும் பிழை சிறியதாக இருக்க வேண்டும். லுந்தானெஸ் வென்ற இடங்களைப் பாருங்கள்: நார்வேயின் சதுப்பு, சுவிஸ் மலைக்காடு, ஸ்வீடன் கருங்கல், பால்டிக் புதர். எல்லா நிலத்திலும் அவர் ஒரே மாதிரி ஓடவில்லை. பாறை நிலத்தில் நேராகப் போவது லாபம், அங்கே பாதை குறைவு. பால்டிக் காட்டில் பச்சைக்குள் நேராகப் போனால் மாட்டிக்கொள்வீர்கள், சுற்றிப்போவது லாபம். பழக்கத்தின் மேல் பிடிவாதம் உள்ளவர் ஒரு நாட்டில் ஜெயித்து அடுத்த நாட்டில் தோற்பார். 2003 முதல் 2009 வரையிலான பட்டியல் அதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். லுந்தானெஸின் ஆறில் மூன்று நார்வேயிலோ அதன் எல்லையிலோ நடந்தவை. கடைசி மூன்று, ஜோர்ஜியு விலகும் நேரத்திலும் விலகிய பிறகும் வந்தவை. சரி. ஆனால் ஜோர்ஜியு விலகுவதற்கு முன்பே 2012இலும் 2016இலும் லுந்தானெஸ் வென்றதை அது விளக்கவில்லை.

2019: வீட்டு வாசலில்

2019இல் உலகப் போட்டியின் அமைப்பே மாறியது. ஸ்பிரிண்டைத் தனியாகப் பிரித்து ஒரு ஆண்டும், காட்டுப் பிரிவுகளுக்கு மறு ஆண்டும் என்று முடிவு. காட்டுக்கு மட்டுமான முதல் போட்டி நார்வேயின் தென்கிழக்கில், ஓஸ்ட்ஃபோல்ட் பகுதியில். லுந்தானெஸ் நெடுநாள் ஓடிய ஹால்டன் கிளப் இருப்பது அந்த வட்டாரத்தில்தான். போட்டிக் காடு மூடப்பட்டிருந்தாலும் பக்கத்துக் காடுகளில் அதே பாறை, அதே சதுப்பு, அதே மெல்லிய பைன் மரங்கள்.

நெடுந்தூரம் அவருக்கே. ஆறாவது. அதே வாரம் நடுத்தூரத்திலும் தங்கம். ட்ரொண்ட்ஹெய்மில் சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன் 22 வயதில் ஆரம்பித்ததை 31 வயதில் இன்னொரு சொந்தக் கூட்டத்தின் முன் இரட்டிப்பாக்கினார்.

நெடுந்தூர மேடையில் அவருக்கு அடுத்த படியில் நின்றவரும் நார்வேக்காரர். காஸ்பர் ஹார்லெம் ஃபோசர், வயது இருபது. ட்ரொண்ட்ஹெய்மில் லுந்தானெஸ் முதல் தங்கம் வாங்கியபோது அவனுக்குப் பதினொன்று. காட்டில் கொடி தேடும் வயது. மறு ஆண்டு கொரோனாவில் போனது. 2021இல் செக் நாட்டில் நெடுந்தூரம் மறுபடி நடந்தபோது பட்டியலில் புதிய பெயர் ஏறியது: ஃபோசர். 2023இல் சுவிட்சர்லாந்தில், ஃபிலிம்ஸ் மலைக்காட்டில், அடுத்த நெடுந்தூரம். ஃபோசர்.